பேரு ஒண்ணு, ஊரு ரெண்டு: ஒரே பேருல இருக்கற ஊர், ஆள், பொருள் எதுலயும் மாட்டிக்காம இருக்க முழு வழிகாட்டி

அம்மா வழி சொந்தத்துல ஒரு கல்யாணம். மாமா போன் போட்டு, "மாப்ள, ஞாயித்துக்கிழமை திருப்பத்தூர்ல கல்யாணம், ஏழரை ஒம்போது முகூர்த்தம், விடியக்காலையிலயே வந்து இறங்கிரு"ன்னாரு. நானும் சரி மாமான்னுட்டு மொபைல்ல திருப்பத்தூர்னு அடிச்சேன், ஸ்டேஷன் வந்துச்சு, டிக்கெட் போட்டேன், ஜோலார்பேட்டைக்கு அடுத்தது இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு டீயும் குடிச்சாச்சு. ஆட்டோக்காரர்கிட்ட மண்டபம் பேரைச் சொன்னா, "அப்படி ஒரு மண்டபம் இங்க இல்லையே சார்"ங்கறாரு. மாமாவுக்கு போன் அடிச்சேன். "எங்கடா நிக்கிற?" "பஸ் ஸ்டாண்ட்ல மாமா." "நானும் பஸ் ஸ்டாண்ட்லதான்டா நிக்கிறேன், என்ன கலர் சட்டை போட்டிருக்க?" இப்படியே அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேடிக்கிட்டு இருந்தோம். கடைசியில அவரு, "பிள்ளையார்பட்டி போற பஸ்ஸெல்லாம் நிக்குமே, அதுக்கு எதுத்தாப்ல வாடா"ன்னதும்தான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. பிள்ளையார்பட்டி எங்க, நான் நிக்கிற ஏலகிரி மலையடிவாரம் எங்க.

விஷயம் இதுதான். திருப்பத்தூர் ரெண்டு இருக்கு. ஒண்ணு 2019ல வேலூர்ல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டமா ஆன திருப்பத்தூர். இன்னொண்ணு சிவகங்கை மாவட்டத்துல, காரைக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் பக்கத்துல இருக்கறது, 1801 அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்களை வெள்ளைக்காரன் தூக்குல போட்ட திருப்பத்தூர். ரெண்டுக்கும் நடுவுல ரோட்டுல 300 கிலோமீட்டருக்கு மேல. ரெண்டு பேருலயும் சட்டமன்றத் தொகுதியும் இருக்கு. நான் போய்ச் சேர்றப்ப பந்தி முடிஞ்சு பாயெல்லாம் சுருட்டிட்டாங்க.

அதுக்கப்புறம் எந்தப் பேரைக் கேட்டாலும் நான் ஒரு வரிசையில செக் பண்றேன். அதைத்தான் இங்க எழுதறேன். ஊருக்கு மட்டுமில்ல, ஆளுக்கும் மருந்துக்கும் வாழைப்பழத்துக்கும்கூட இதே வரிசை வேலை செய்யுது.

ஸ்டெப் 1: எந்தப் பேரைச் சந்தேகப்படணும்னு தெரிஞ்சுக்கங்க

எல்லாப் பேரையும் சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்தா பைத்தியம் பிடிச்சிரும். ஒரு சுலபமான அளவுகோல் இருக்கு. பேரோட அர்த்தம் உங்களுக்கு உடனே புரியுதா? அப்ப அந்தப் பேருல இன்னொண்ணு நிச்சயம் இருக்கும். ஆத்தங்கரையில இருக்கற ஊரு ஆத்தூர், ஆறு எத்தனையோ அத்தனை ஆத்தூர். சேலம் மாவட்டத்துல ஒரு ஆத்தூர், திண்டுக்கல் மாவட்டத்துல ஒரு ஆத்தூர், தூத்துக்குடி மாவட்டத்துல திருச்செந்தூர் போற வழியில ஒரு ஆத்தூர். ஆறோ வழியோ கூடற இடம் கூடலூர், புதுசா குடியேறினா புதூர், புதுப்பட்டி, நல்ல ஊருன்னு நினைச்சா நல்லூர். மேடா இருந்தா மேட்டுப்பாளையம், மேட்டுப்பட்டி. நம்ம முன்னோருங்க ஊருக்குப் பேரு வெச்சப்போ அடுத்த மாவட்டத்துக்காரன் என்ன வெச்சான்னு பாத்தா வெச்சாங்க, அவங்களுக்கு ரெண்டு நாள் நடக்கற தூரம்தான் உலகம், அதுக்குள்ள ஒரே பேரு வராம இருந்தா போதும்.

ரெண்டாவது வகை தலைவருங்க பேரு. அண்ணா நகர் சென்னையிலயும் உண்டு மதுரையிலயும் உண்டு, கே.கே. நகர் சென்னை, மதுரை, திருச்சி மூணுலயும் உண்டு. காந்தி நகர், நேரு வீதி இதெல்லாம் எண்ணி முடியாது.

மூணாவது வகை சாமி பேரு. இதைக் குலதெய்வம் பத்திப் பேசறப்ப பாக்கலாம், அது தனிக் கதை.

நாலாவதா ஒண்ணு இருக்கு, அது வெறும் தற்செயல். சேலம்னு தேடினா சில நேரம் அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத் தலைநகர் சேலம் வந்து நிக்கும், வெதர் ஆப்ல சித்திரை மாசம் பத்து டிகிரின்னு காட்டும், நாம வேர்த்து ஊத்திக்கிட்டு உக்காந்திருப்போம். இல்லன்னா மாசசூசெட்ஸ் மாநிலத்துல 1692ல சூனியக்காரிங்கன்னு சொல்லி ஆளுங்களைத் தூக்குல போட்ட சேலம் வரும். அந்த சேலம் ஜெருசலேம்ங்கற பேரோட சொந்தக்காரப் பேரு, நம்ம மாம்பழ சேலத்துக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. ஆனா அதே ஆரிகன்ல மெட்ராஸ்னும் ஒரு ஊரு இருக்கு பாருங்க, அது தற்செயல் இல்ல, மெட்ராஸ் துணிக்கட்டைப் பாத்து அந்தப் பேரை வெச்சாங்கன்னு சொல்றாங்க.

ஸ்டெப் 2: "எந்த மாவட்டம்?"னு கேக்காதீங்க, "எங்க பஸ் ஏறணும்?"னு கேளுங்க

மாவட்டம் கேக்கறது தப்பில்ல, ஆனா பெரியவங்ககிட்ட கேட்டா பழைய மாவட்டத்தைச் சொல்வாங்க. சிவகங்கை 1985ல தனி மாவட்டமாச்சு, இன்னிக்கும் எங்க பெரியப்பா ராம்நாடு ஜில்லான்னுதான் சொல்வாரு. அதனால வழியைக் கேளுங்க. எந்த ஊர்ல இருந்து பஸ், நடுவுல என்ன ஊரு வரும், அதைத் தாண்டினா என்ன ஊரு. வழியில பொய் வராது.

இதுக்கு கூடலூரை விட நல்ல உதாரணம் கிடையாது. நீலகிரியில ஒரு கூடலூர், தேனி மாவட்டத்துல ஒரு கூடலூர். ரெண்டும் மலைப் பக்கம், ரெண்டும் நகராட்சி, ரெண்டையும் தாண்டினா கேரளா, ரெண்டுலயும் டீக்கடையில பாதி மலையாளம் கேக்கும். "கேரளா பார்டர்ல இருக்கே அந்தக் கூடலூர்"னு ஒருத்தர் விளக்கம் சொன்னாருன்னா அவரு உங்களுக்கு எதையுமே சொல்லலைன்னு அர்த்தம். ஊட்டியில இருந்து மைசூர் போற வழியா? அப்ப நீலகிரி. கம்பம் தாண்டி லோயர் கேம்ப், குமுளி போற வழியா? அப்ப தேனி. தேயிலைத் தோட்டம் பேச்சு வந்தா முதல் கூடலூர், திராட்சைத் தோட்டமும் சித்திரா பௌர்ணமிக்கு மலை மேல கண்ணகி கோயிலும் பேச்சுல வந்தா ரெண்டாவது கூடலூர். கோயம்புத்தூர்ல நின்னுக்கிட்டு இதைத் தெரியாம விட்டீங்கன்னா பஸ் ஸ்டாண்டே மாறிப் போகும், ஊட்டிப் பக்கம் போற பஸ்ஸு மேட்டுப்பாளையம் ரோட்டு ஸ்டாண்ட்ல, மதுரைப் பக்கம் போறது சிங்காநல்லூர்ல.

கண்டக்டருங்க இதுல கில்லாடி. "ஒரு கூடலூர்"னு கேட்டதும் பாதிப் பேரு டிக்கெட்டைக் கிழிக்காம நம்ம மூஞ்சியைப் பாப்பாங்க. அந்தப் பார்வையை நாமளும் பழகிக்கணும்.

சிவகிரியும் இப்படித்தான், தென்காசி மாவட்டத்துல ஒண்ணு, ஈரோடு மாவட்டத்துல ஒண்ணு. ஆரணின்னா பட்டுச்சேலைக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி எல்லாருக்கும் தெரியும், பெரியபாளையம் பக்கத்துல திருவள்ளூர் மாவட்டத்துலயும் ஒரு ஆரணி இருக்கறது சென்னை ஆளுங்கள்லயே பல பேருக்குத் தெரியாது.

ஸ்டெப் 3: அடைமொழியைப் பிடிங்க

இதுதான் மொத்த வழிகாட்டியோட உயிர்நாடி, கொஞ்சம் நிதானமாப் படிங்க. ஒரே பேரு ரெண்டு இடத்துல இருந்தா, பேரைப் பாத்துப் பிரிக்க முடியாது, கூட நிக்கிற சொல்லை வெச்சுத்தான் பிரிக்கணும். இதை நம்ம ஆளுங்க ரெண்டாயிரம் வருஷமா செஞ்சுக்கிட்டு வராங்க.

புறநானூறுல நன்மாறன்னு ரெண்டு பாண்டியனுங்க. எப்படிப் பிரிச்சாங்க தெரியுமா? செத்த இடத்தை வெச்சு. இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். சோழன்லயும் அதே கதை, குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன். உயிரோட இருந்தப்ப இந்த அடைமொழி இருந்திருக்க வாய்ப்பே இல்ல பாருங்க, பின்னாடி தொகுத்தவங்களுக்குக் குழப்பம் வந்திருக்கு, அதுக்காக ஒட்டின லேபிள் இது. புலவருங்களுக்கும் ஊரு, அப்பா பேரு, தொழில்னு ஒட்டியிருக்காங்க. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்னா ஊரும் இருக்கு அப்பாவும் இருக்கு. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்னா ஊர், வேலை, பேருன்னு கிட்டத்தட்ட ஒரு ஆதார் கார்டே வந்துருச்சு.

கோயில் ஊருங்கள்லயும் இதே முறைதான். மருத மரத்தை வெச்சுப் பேரு வந்த தலம் மூணு, அதுல ஸ்ரீசைலம் தலை மருது, கும்பகோணம் பக்கம் இருக்கறது இடை மருது அதான் திருவிடைமருதூர், திருநெல்வேலிப் பக்கம் இருக்கறது புடை மருது அதான் திருப்புடைமருதூர். தலை, இடை, புடை, மூணே சொல்லு, மூணு ஊரும் பிரிஞ்சிருச்சு. காட்டுப்பள்ளி ரெண்டு, தஞ்சாவூர் பக்கம் மேலைத் திருக்காட்டுப்பள்ளி, திருவெண்காடு பக்கம் கீழைத் திருக்காட்டுப்பள்ளி. திருமுல்லைவாயில் ரெண்டு, சென்னையில வட திருமுல்லைவாயில், சீர்காழிப் பக்கம் தென் திருமுல்லைவாயில்.

ஆனா அடைமொழியும் சில நேரம் காலை வாரும். திருப்பாவையில ஆண்டாள் "மன்னு வடமதுரை மைந்தனை"ன்னு பாடறது கண்ணன் பிறந்த வடநாட்டு மதுரா. அதைப் படிச்சுட்டு திண்டுக்கல்ல இருந்து திருச்சி போற வழியில வடமதுரை போர்டைப் பாத்தா ஒரு நிமிஷம் மண்டை காயும். அங்கயும் பெருமாள் கோயில் இருக்கு வேற.

அப்புறம் மதுரை, விருதுநகர், சிவகங்கைப் பக்கம் ஊருக்கே இனிஷியல் உண்டு, வெளியூர்க்காரங்க இதைப் பாத்து சிரிப்பாங்க. கே. புதூர், எஸ். புதூர், டி. கல்லுப்பட்டி, டபிள்யூ. புதுப்பட்டி. அந்த டபிள்யூ வத்திராயிருப்போட முதல் எழுத்து, அதாவது வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டி. நம்ம பேருக்கு முன்னாடி அப்பா நிக்கிற மாதிரி அந்த ஊருக்கு முன்னாடி பக்கத்துப் பெரிய ஊரு நிக்குது. அதனால இந்தப் பக்கத்து அட்ரஸை எழுதறப்ப இனிஷியலை விட்டுறாதீங்க, அது அலங்காரம் இல்ல.

செய்ய வேண்டியது: பேரைக் கேட்டதும் முன்னாடியோ பின்னாடியோ என்ன ஒட்டியிருக்குன்னு கேட்டு எழுதிக்கங்க. மேல, கீழ, வட, தென், பெரிய, சின்ன, இனிஷியல், எதுவா இருந்தாலும். "அதெல்லாம் எதுக்கு, பேரைச் சொன்னாலே தெரியும்"னு சொல்றவங்களை நம்பாதீங்க, எங்க மாமாவும் அப்படித்தான் சொன்னாரு.

ஸ்டெப் 4: நம்பருக்குப் போங்க

பேரு ரெண்டா இருக்கலாம், நம்பர் ரெண்டா இருக்காது. பின்கோடே இதுக்காக வந்ததுதான். ஒரே பேருல ஊருங்க, ஆளுக்கொரு மொழி, ஆளுக்கொரு ஸ்பெல்லிங், தபால்காரங்க திணறிப் போனதாலதான் 1972 ஆகஸ்ட் 15ல பின்கோடைக் கொண்டாந்தாங்க. கொண்டாந்தவரு ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், தபால் துறை அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஆறு நம்பர்ல முதல் நம்பர் மண்டலம், நமக்கும் கேரளாவுக்கும் 6. முதல் மூணைப் பாத்தாலே எந்த வட்டாரம்னு சொல்லிரலாம், கடைசி மூணு போஸ்ட் ஆபீஸ்.

அப்ப அந்த ரெண்டு திருப்பத்தூர்? 635ல ஆரம்பிச்சா ஜோலார்பேட்டைப் பக்கம், 630ல ஆரம்பிச்சா காரைக்குடிப் பக்கம். கூடலூர் 643ன்னா நீலகிரி, 625ன்னா தேனி. ஆத்தூர் 636 சேலம், 624 திண்டுக்கல், 628 தூத்துக்குடி. கல்யாணப் பத்திரிகையில பின்கோடு போடறதில்ல நம்ம ஆளுங்க, போட்டிருந்தா எனக்கு ஒரு விருந்து மிஞ்சியிருக்கும்.

ரயில்ல ஸ்டேஷன் கோடு பாருங்க. டி.பி.டி.ன்னா திருப்பத்தூர், டி.பி.டி.ஒய்.ன்னா திருப்பதி. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம், ஏழுமலையானைப் பாக்கப் போறவங்க தயவு செஞ்சு ரெண்டு தடவை பாத்துக்கங்க. திருவள்ளூர் டி.ஆர்.எல்., திருவாரூர் டி.வி.ஆர்., இதுவும் வாய்ல சொல்றப்போ ஒண்ணுபோலக் கேக்கும். கோடுல இன்னொரு நல்லது, ஊர்ப் பேரு மாறினாலும் கோடு அவ்வளவு சீக்கிரம் மாறாது. சென்னை சென்ட்ரலுக்கு 2019ல எம்.ஜி.ஆர். பேரு வெச்சாங்க, கோடு இன்னும் மெட்ராஸை நினைவுபடுத்தற எம்.ஏ.எஸ்.தான்.

வடக்க போறவங்களுக்கு: பிலாஸ்பூர் சத்தீஸ்கர்லயும் இருக்கு இமாச்சல்லயும் இருக்கு. ஔரங்காபாத் மகாராஷ்டிராவுல இருந்தது 2023ல சத்ரபதி சம்பாஜி நகர்னு ஆயிருச்சு, பீகார்ல இருக்கற ஔரங்காபாத் அப்படியே இருக்கு, ஆனா அதுக்கு இறங்க வேண்டிய ஸ்டேஷன் பேரு அனுக்ரஹ நாராயண் ரோடு. இலங்கைக்குப் பார்சல் போடறவங்களுக்கும் ஒண்ணு: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கற இடத்துப் பேரு திருநெல்வேலி. அந்த ஊர்க்காரங்க தின்னவேலின்னு சொல்வாங்க, நம்ம பக்கமும் தின்னவேலின்னுதான் சொல்றோம். அட்ரஸ்ல யாழ்ப்பாணம்னு எழுத மறந்துறாதீங்க.

வாட்ஸ்அப்ல லொகேஷன் வாங்கறதும் நம்பர் வாங்கற மாதிரிதான், ஆனா அவங்க அந்த இடத்துலயே நின்னு அனுப்பணும். வீட்ல சோபாவுல உக்காந்துக்கிட்டு மேப்ல பேரைத் தேடி அனுப்பினா அவங்க தப்பும் சேர்ந்தே நமக்கு வரும்.

ஸ்டெப் 5: ரெண்டு எழுத்துலயும் எழுதிப் பாருங்க

சில குழப்பம் இங்கிலீஷ் எழுத்துல மட்டும்தான் இருக்கும். போளூரும் போரூரும் தமிழ்ல வேற வேற, அவசரத்துல இங்கிலீஷ்ல டைப் பண்ணினா ஒரு எழுத்து தப்பினாலே மாறிரும். கீழ்வேளூர்ல இருக்கற வேளூருக்கும் கோட்டை வேலூருக்கும் தமிழ்ல ளகரமும் லகரமும் காவலுக்கு நிக்கும், இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்து. திருபுவனம் கும்பகோணம் பக்கம், பட்டுச்சேலை ஊரு, மூணாம் குலோத்துங்கன் கட்டின கம்பகரேஸ்வரர் கோயில் அங்கதான். சிவகங்கை மாவட்டத்துல வைகைக் கரையில இருக்கறது திருப்புவனம், தேவாரத்துல திருப்பூவணம். தமிழ்ல கவனமா எழுதினா வித்தியாசம் தெரியும், ஆன்லைன் ஃபார்ம்ல தெரியாது. அதனால டிராப்டவுன்ல ரெண்டு ஒரே மாதிரி வந்தா, மொழியைத் தமிழுக்கு மாத்திட்டு ஒரு தடவை பாருங்க.

ஸ்டெப் 6: பழைய பத்திரம், குலதெய்வம் தேடறவங்களுக்கு

தாத்தா காலத்துல ஊரை விட்டு வந்தவங்க, "நம்ம குலதெய்வம் அய்யனாரு, ஊரு நல்லூரோ புதூரோ"ன்னு ஆரம்பிச்சா தலை சுத்தும். இதுக்குன்னு கொஞ்சம் பொறுமையா செய்யணும்.

சாமியோட முழுப்பேரைக் கேளுங்க. வெறும் அய்யனார் கிடையவே கிடையாது, ஒவ்வொரு அய்யனாருக்கும் அடைமொழி இருக்கும். சொரிமுத்து அய்யனார்னா பாபநாசத்துக்கு மேல காரையார் பக்கம், கற்குவேல் அய்யனார்னா திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காடு. வீட்ல வயசான அத்தை யாராவது இருந்தா, சாமி பேரைக் கேக்காதீங்க, "பங்குனி உத்திரத்துக்குப் போறப்ப எங்க இறங்கி நடப்பீங்க, வழியில ஆறு இருந்துச்சா, செம்மண்ணா கரிசலா"ன்னு கேளுங்க. பேரை மறந்தவங்ககூட இறங்கி நடந்ததை மறக்க மாட்டாங்க. எங்க அத்தை "மண்ணு காலைச் சுட்டுச்சு, சிவப்பா இருந்துச்சு"ன்னு சொன்ன ஒரே வார்த்தையில நாங்க தேட வேண்டிய பக்கம் பாதியாக் குறைஞ்சிருச்சு.

பத்திரம் இருந்தா இன்னும் வசதி. ஊர்ப் பேரோட நிறுத்தாம ஜில்லா, சப்டிஸ்ட்ரிக்ட், தாலுக்கா எல்லாத்தையும் குறிச்சுக்கங்க, பத்திரத் தேதியில அந்த ஊரு எந்த மாவட்டத்துல இருந்துச்சோ அந்தப் பேருதான் இருக்கும், இன்னிக்கு உள்ளதைத் தேடாதீங்க. செக்குபந்தின்னு நாலு எல்லை எழுதியிருப்பாங்க, அதுல வர்ற வாய்க்கால் பேரு, குளத்துப் பேரு, கோயில் பேரு இதெல்லாம் தங்கம், ஊர்ப் பேரு ரெண்டு இருக்கும் ஆனா ரெண்டு ஊர்லயும் அதே பேருல குளம் இருக்காது. அப்புறம் பட்டா சிட்டா தேடறப்ப மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம்னு படிப்படியா இறங்குங்க. நீங்க கூப்பிடற குக்கிராமத்துப் பேரு அங்க வராது, அது எந்த வருவாய் கிராமத்துல சேருதுன்னு கிராம நிர்வாக அலுவலர்கிட்ட கேட்டாச் சொல்லிருவாரு.

வில்லங்கச் சான்று போட்டுப் பாக்கறப்ப ஆள் பேரை நம்பாதீங்க. ஒரு கிராமத்துல நாலு முருகேசன் இருப்பாங்க, சில நேரம் அப்பா பேரும் ஒண்ணாவே அமைஞ்சிரும். இத்தனை முருகேசன் எப்படின்னா, மூத்த பையனுக்குத் தாத்தா பேரு வெக்கிற பழக்கம், பெரியப்பா பையனும் சித்தப்பா பையனும் ஒரே தாத்தா பேரோட திரிவாங்க. சர்வே நம்பர், உட்பிரிவு, பத்திர நம்பர், வருஷம், இந்த நாலும் ஒத்துப் போகணும்.

ஸ்டெப் 7: ஆளுங்க

நமக்குக் குடும்பப் பேரு பழக்கம் இல்ல, இனிஷியல்தான். கிளாஸ்ல நாலு கார்த்திக் இருந்தா கே. கார்த்திக், எஸ். கார்த்திக்னு வாத்தியார் கூப்பிடுவாரு, ரெண்டு எஸ் வந்துட்டா நெட்டை கார்த்திக், குட்டை கார்த்திக். சங்க காலத்து முறைதான், கொஞ்சம் மரியாதை கம்மி அவ்வளவுதான்.

ஆனா இனிஷியல் எல்லா இடத்துலயும் காப்பாத்தாது. 2024 எம்பி எலெக்‌ஷன்ல ராமநாதபுரத்துல ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையா பலாப்பழச் சின்னத்துல நின்னாரு, அதே பேரு அதே ஓ இனிஷியலோட இன்னும் பல பேரு நின்னாங்க. கேரளாவுல ஆலப்புழையில 2004ல வி.எம். சுதீரன் 1,009 ஓட்டுல தோத்தாரு, அந்தத் தொகுதியில வி.எஸ். சுதீரன்னு நின்ன இன்னொருத்தர் வாங்கினது 8,000க்கு மேல. பேரு ஒத்துமை விளையாட்டில்லன்னு இதுலயே தெரியுது. 2015ல இருந்து ஓட்டு மெஷின்ல வேட்பாளர் போட்டோ போடறதும் இந்தக் குழப்பத்துக்காகத்தான்.

நம்ம அன்றாடத்துக்கு வருவோம். பணம் அனுப்பறப்ப அக்கவுண்ட் நம்பர்தான் பேசும், பேரு இல்ல. பேங்க்ல நீங்க என்ன பேரு எழுதியிருந்தாலும் நம்பர் யாருதோ அவருக்குப் போயிரும். 2025 ஏப்ரல்ல இருந்து நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பறதுக்கு முன்னாடி அந்த அக்கவுண்ட்காரர் பேரைக் காட்டற வசதி பேங்க்குங்க தரணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லிருச்சு, நல்ல விஷயம், ஆனா காட்டற பேரு செல்வின்னு இருந்தா அது உங்க செல்வியா வேற செல்வியான்னு அது சொல்லாது. அதனால முதல்ல ஒத்த ரூபா அனுப்பிட்டு போன் பண்ணிக் கேளுங்க, "வந்துச்சா"ன்னு, அதுக்கப்புறம் மீதி. இது வெக்கப்படற விஷயம் இல்ல, நான் எங்க அக்காவுக்கே அப்படித்தான் அனுப்பறேன்.

போன்ல பேரு சேவ் பண்றப்ப அடைமொழியோட பண்ணுங்க. என் போன்ல குமார் பிளம்பர், குமார் மேல்வீடு, குமார் காலேஜ்னு மூணு பேரு. ஒரு நாள் பைப் உடைஞ்சு தண்ணி ஓடறப்ப மேல்வீட்டுக் குமாருக்கு அடிச்சுட்டேன், பாவம் அவரு ஸ்பேனரோட இறங்கி வந்துட்டாரு.

ஓட்டர் லிஸ்ட்ல தேடறப்ப வாக்காளர் அட்டை நம்பரை வெச்சுத் தேடுங்க, அது கையில இல்லன்னா பேரோட அப்பா இல்ல வீட்டுக்காரர் பேரு, வயசு எல்லாம் சேத்துப் போடுங்க. பாஸ்போர்ட் எடுக்கறவங்க இனிஷியலை விரிச்சு ரெண்டு கட்டத்தையும் நிரப்பிருங்க. ஒத்தைப் பேரோட விட்டா அமெரிக்க விசாவுல முதல் பேரு தெரியலைன்னு எஃப்.என்.யு.னு போட்டுருவாங்க, அங்க போனா எஃப்.என்.யு. ஒரு கூட்டமே இருக்கு.

ஸ்டெப் 8: பொருளுங்க

இதுல ஆபத்தானது மருந்து, முதல்ல அதைச் சொல்லிடறேன். மாத்திரைப் பேருக்குப் பின்னாடி ஒட்டியிருக்கற எழுத்துதான் அதோட இனிஷியல். பிபி மாத்திரையில வெறும் பேரு ஒண்ணு, பேரோட ஏ.எம்.னு இருந்தா பெரும்பாலும் கூட அம்லோடிபைன் சேர்ந்தது, எச்.னு இருந்தா ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்தது. மூணும் ஒரே பேரு, ஒரே கலர் அட்டைகூட இருக்கும், வேலை வேற. அட்டையில போட்டிருக்கற மூலமருந்துப் பேரையும் மில்லிகிராமையும் சீட்டோட ஒப்பிட்டுப் பாருங்க, கடைக்காரர்கிட்ட போன்ல பேரை மட்டும் சொல்லி வாங்காதீங்க.

மூலிகையிலயும் இதே வில்லங்கம். பிராமின்னு பவுடர் விக்கிறாங்களே, வடக்க ரெண்டு செடிக்கு அந்தப் பேரு உண்டு. ஒண்ணு நம்ம நீர்ப்பிரமி, இன்னொண்ணு வல்லாரை. பாட்டில்ல பகோபா மொன்னியேரின்னு இருந்தா நீர்ப்பிரமி, சென்டெல்லா ஏசியாட்டிகான்னு இருந்தா வல்லாரை. இந்த மாதிரி ரெண்டு சொல் லத்தீன் பேரை 1753ல லின்னேயஸ்ங்கற ஸ்வீடன் தாவரவியலாளர் தனக்குத் தெரிஞ்ச செடிக்கெல்லாம் வரிசையா வெச்சாரு, அதுவும் ஒரு வகையில இனிஷியல்தான், குடும்பத்துக்கு ஒண்ணு ஆளுக்கு ஒண்ணு. சமையல்கட்டுல சீரகம், பெருஞ்சீரகம், கருஞ்சீரகம் மூணும் மூணு செடி, அண்ணன் தம்பின்னு நினைச்சு ஒண்ணுக்குப் பதிலா ஒண்ணு போட்டீங்கன்னா ரசம் சொல்லிரும்.

வாழைப்பழம் இன்னும் வேடிக்கை. நாம பூவன்னு சொல்றதை கேரளாவுல பாளையங்கோடன்னு சொல்வாங்க, அவங்க பூவன்னு சொல்றது நம்ம ரஸ்தாளி. பாலக்காட்டுல ஒரு கடையில பூவன் ஒரு சீப்பு கேட்டு வாங்கிட்டு வந்து, "இது ரஸ்தாளி, ஏமாத்திட்டான்"னு நான் திரும்பிப் போய் சண்டை போட்டேன். அவரு பொறுமையா ஒரு பழத்தை உரிச்சுக் கையில குடுத்து, "இதானே சேட்டா பூவன்"னாரு. அவரு சொன்னதும் சரி, நான் கேட்டதும் சரி. அதுல இருந்து கேரளாவுல பழக்கடையில பேரே சொல்றதில்ல, கையைக் காட்டிடறேன்.

ஸ்டெப் 9: நீங்க அடுத்தவங்களைக் குழப்பாதீங்க

பத்திரிகை அடிக்கறப்ப ஊர்ப் பேருக்குப் பக்கத்துல மாவட்டமும் பின்கோடும் போடச் சொல்லுங்க, அச்சகத்துல கூடுதல் காசு கேக்க மாட்டாங்க. வழி சொல்றப்ப "பஸ் ஸ்டாண்ட் பக்கம்"னு சொல்லாதீங்க, பாதி ஊர்ல பழைய பஸ் ஸ்டாண்ட் ஒண்ணு, புது பஸ் ஸ்டாண்ட் ஒண்ணு இருக்கு, புதுசுங்கறது முப்பது வருஷப் பழசா இருக்கும். கடைப் பேரு சொன்னா கிளை எதுன்னும் சொல்லுங்க.

எங்க மாமா பொண்ணுக்கு இந்தத் தை மாசம் நிச்சயதார்த்தம். போன வாரம் போன் பண்ணி, "மாப்ள, மாப்பிள்ளை வீடு ஆத்தூர்"னாரு. நான் ஒண்ணுமே பேசல. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் அவரே, "இருடா, பின்கோடு கேட்டுச் சொல்றேன்"னுட்டு வெச்சுட்டாரு.